முழம் யாருக்கு, விரற்கடை யாருக்கு?

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் நைல் நதிக்கு எழுதியதாகச் சொல்லப்படும் கடிதத்தை அறியாதார் நம் வாசகருள் குறைவு. கி.பி. 871இல் மறைந்த எகிப்திய வரலாற்றாசிரியர் இப்னு அப்துல் ஹகம் அதனைப் பதிவு செய்துள்ளார். அன்று முதல் அது சொற்பொழிவுகளிலும் பாடநூல்களிலும் இடம்பெற்று வருகிறது. அதே கலீஃபா எகிப்தின் ஆளுநரான அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்கு எழுதியதாக வரும் இன்னொரு மடல் அத்துணை பேசப்படுவதில்லை. நம் கட்டுரைக்கு வேண்டுவது இந்த இரண்டாம் மடலே.

கி.பி. 1062இல் மறைந்த அல்-குழாயி தரும் செய்தியாக மக்ரீஸி தம் ‘கிதத்’ நூலில் இதனை எடுத்தாள்கிறார். எகிப்து மக்கள் நதியின் உயரத்தை அளக்க ஓர் அளவுகோல் வைத்திருந்தனர். நீர் உரிய மட்டத்தைத் தொடாமல் சற்றே தயங்கி நின்றாலும் அவர்கள் கலங்கினர். கலக்கம் மிகுந்ததும் தானியத்தைப் பதுக்கினர். பதுக்கலால் பஞ்சம் வராமலே விலை ஏறியது. இது கலீஃபாவின் செவிக்கு எட்ட, அவர் அம்ரிடம் விளக்கம் கேட்டார். அம்ரின் விடையில் நான்கு எண்கள் உள்ளன. 14 முழம் நீர் வந்தால் மக்கள் பஞ்சமின்றிப் பிழைப்பர். 16 முழம் வந்தால் தேவைக்கு மிஞ்சி அடுத்த ஆண்டுக்கும் உணவு நிற்கும். அஞ்சத்தக்க எல்லைகள் இரண்டு: கீழே 12, மேலே 18. முன்னது வறட்சி, பின்னது நாட்டை மூழ்கடிக்கும் வெள்ளம்.

அம்ருக்கும் குழாயிக்கும் இடையே நான்கு நூற்றாண்டுகள் கிடக்கின்றன. ஆகவே மடலின் வாசகத்தை உமர் காலத்து ஆவணமாகக் கொள்வதைவிட, குழாயி வாழ்ந்த ஃபாத்திமியர் காலத்துச் சிந்தனையாகக் கொள்வதே பொருத்தம் என்று நாம் கருதுகிறோம். அப்படிக் கொண்டாலும் அதன் மதிப்புக் குறைவதில்லை. ஆற்றில் நீர் குறைவது ஒன்று, குறைகிறது என்ற செய்தி பரவுவது மற்றொன்று. பின்னதற்கு முன்னதைச் சாராத தனி விளைவு உண்டு என்ற தெளிவு இந்தச் சில வரிகளில் இருக்கிறது. அந்தத் தெளிவை வைத்துக்கொண்டு ஆட்சியாளர்கள் என்ன செய்தார்கள் என்பதே நாம் இங்கே ஆராய விழைவது.

அளவுகோலைப் பற்றி முதலில் சில சொற்கள். உமையாக்கள் காலத்தில் ரவ்ளா தீவில் எழுப்பப்பட்ட மிக்யாஸ் பழுதுற்றபின், அப்பாஸிய கலீஃபா முதவக்கில் ஹிஜ்ரி 247இல், அதாவது கி.பி. 861இல், புதியதொன்றைக் கட்டுவித்தார். ஆழமான கற்கிணறு, நடுவே எண்கோண வடிவில் ஒரு பளிங்குத் தூண், வெவ்வேறு மட்டங்களில் நதிநீரை உள்ளே கொணரும் மூன்று சுரங்க வழிகள். தூணில் முழங்களும் விரற்கடைகளும் கோடிடப்பட்டன. சுவர்களில் நீரையும் பயிரையும் பற்றிய இறைவசனங்கள் கூஃபி எழுத்தில் பொறிக்கப்பட்டன. அவை இன்றும் நிற்கின்றன. நீரளக்கும் பணி அதுவரை கிப்தியக் கிறித்தவர் கையில் இருந்தது. முதவக்கில் அதனை பஸ்ராவிலிருந்து வந்த அபுர் ரத்தாத் என்பாரிடம் ஒப்படைத்தார். பல நூற்றாண்டுகள் அப்பணி அவர் வழியினரிடமே இருந்தது.

முழம் என்றால் எல்லா முழமும் ஒன்றல்ல. தூணின் அடியிலிருந்து 12 முழம் வரை முழத்துக்கு 28 விரற்கடை. அதற்கு மேல் 24 விரற்கடை. இந்த வேறுபாட்டையும் குழாயி மேற்சொன்ன மடலோடு இணைத்துச் சொல்கிறார்: மக்களின் கலக்கத்தைக் கருதி, அலீ (ரலி) அவர்களின் ஆலோசனைப்படி, இரண்டு முழத்தைக் கீழ்ப் பன்னிரண்டில் பங்கிட்டுக் கலந்தார்களாம். அளவுகோலே மக்களின் மனத்தைக் கருத்தில் கொண்டு வகுக்கப்பட்டது என்று அக்கால அறிஞர் ஒருவர் நம்பினார் என்பது நோக்கத்தக்கது.

எண்களுக்கு மக்கள் தாமாகவே உயிர் கொடுத்திருந்தனர். பதின்மூன்றாம் முழத்துக்கும் பதினான்காம் முழத்துக்கும் முன்கர், நகீர் என்று பெயர் என மஸ்ஊதி எழுதுகிறார். கப்ரில் மனிதனை விசாரிக்கும் வானவர்களின் பெயர்கள் இவை. நீர் இவ்விரண்டுக்கும் இடையே நின்றுவிட்டால் மழை வேண்டித் தொழுவது போன்று மக்கள் திரண்டு இறைஞ்சினர். பதினாறாம் முழமோ ‘சுல்தானின் நீர்’ எனப்பட்டது. அதைத் தொட்டால்தான் நிலவரியாகிய கராஜ் முழுமையாகக் கடமையாகும். இந்தக் கடைசிச் செய்தியை வாசகர் நினைவில் வைக்க வேண்டும். பதினாறு என்ற எண் உழவனுக்கு விளைச்சல். அதே எண் அரசுக்கு வருவாய். எண்ணை அறிவிப்பவருக்கே அந்த எண்ணில் ஆதாயம் இருந்தது.

இனி கி.பி. 973ஆம் ஆண்டுக்கு வருவோம். அதற்குச் சற்று முன்னர் எகிப்து பெருந்துயர் பட்டிருந்தது. ஹிஜ்ரி 356இல் (கி.பி. 967) நைல் 12 முழம் 17 விரற்கடையோடு நின்றுபோயிற்று. அடுத்தடுத்த ஆண்டுகளின் பஞ்சத்தில் இக்ஷீதியர் ஆட்சி தளர்ந்தது. 969இல் ஃபாத்திமியப் படைத்தலைவர் ஜவ்ஹர் நாட்டைக் கைக்கொண்டார். அவர் செய்த முதற்காரியங்களுள் ஒன்று தானியச் சந்தையை ஒழுங்குசெய்தது. தானியத் தரகர்களை ஒரே இடத்தில் கூட்டி, வேறு வழிகளை அடைத்து, முஹ்தஸிபின் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மரக்கால் தானியமும் வெளியேறாதபடி செய்தனர். குற்றம் செய்த மாவரைப்போர் கசையடி பெற்று ஊர்வலமாக நடத்தப்பட்டனர். கலீஃபா முஇஸ் ஹிஜ்ரி 362 ரமளானில் கெய்ரோ வந்து சேர்ந்தார். அடுத்த மாதமே, ஷவ்வாலில், ஓர் ஆணை பிறந்தது: நைலின் ஏற்றத்தை இனித் தெருவில் கூவி அறிவிக்கக் கூடாது, அளவை எழுதிக் கலீஃபாவுக்கும் ஜவ்ஹருக்கும் மட்டுமே அனுப்ப வேண்டும். 16 முழம் நிறைந்து, நகரின் ஊடே செல்லும் கலீஜ் கால்வாயின் முகப்பிலிருந்த மண்ணணையை வெட்டியபின் அறிவிப்புக்கு அனுமதி கிடைத்தது.

இச்செய்தியை இப்னு ஸூலாக் என்ற சமகாலத்தவரிடமிருந்து எடுத்தெழுதும் மக்ரீஸி, இதனை வியந்து பாராட்டுகிறார். நீர் ஏறாமல் தயங்கும் நாள்களில் மக்கள் நதி இனி வராது என்றே தமக்குள் முடிவு கட்டுகின்றனர், தானியம் உடையவர் விலையேற்றத்தை எதிர்பார்த்து விற்க மறுக்கின்றனர், காசு உடையவர், இலாபம் தேடியோ தம் பிள்ளைகுட்டிகளின் உணவைக் கருதியோ, வாங்கிச் சேமிக்கின்றனர், விலை ஏறுகிறது. ஆகவே ஏற்றத்தைப் பொதுமக்களிடமிருந்து மறைப்பதில் பெரும்பயன் உண்டு என்பது அவர் வாதம்.

இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. மக்ரீஸி ஏட்டறிவை மட்டும் கொண்டு பேசியவரல்லர். கி.பி. 1399இல் கெய்ரோவின் முஹ்தஸிபாகப் பணியேற்றவர். எடைக்கல்லையும் ரொட்டி விலையையும் நேரில் பார்த்தவர். பதுக்குபவன் எல்லோரும் கொள்ளைக்காரன் அல்லன் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். தன் வீட்டுக்கென இரண்டு மூட்டை கூடுதலாக வாங்கும் தகப்பனை யாரும் பழிக்க முடியாது. ஆயினும் ஆயிரம் தகப்பன்மார் ஒரே நாளில் வாங்கினால், மறுநாள் கூலிக்காரனுக்கு ரொட்டி இல்லை.

எனினும் அவர் விடுத்த ஒரு கேள்வியை நாம் கேட்க வேண்டியுள்ளது. மறைப்பு யாரிடமிருந்து மறைத்தது?

முஇஸின் ஆணை நெடுநாள் நீடித்ததாகத் தெரியவில்லை. கி.பி. 1047இல் கெய்ரோ வந்த பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரு, நீர் ஏறத் தொடங்கிய நாள் முதல் அறிவிப்போர் நகரெங்கும் சென்று, இறைவன் இன்று நைலை இத்தனை விரற்கடை உயர்த்தினான் என்று கூவியதைத் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். ஒரு முழம் நிறைந்ததும் முரசு கொட்டி மகிழ்ந்தனராம். அவர் கேட்ட எண் 18. அதற்குக் குறைந்தால் மக்கள் தருமம் செய்து நேர்ச்சை நேர்ந்தனர். அந்த அளவு வரும்வரை உழவரிடம் கராஜ் வாங்கவில்லை என்கிறார்.

பதினாறு பதினெட்டாக மாறியது ஏன் என்று ஐயுறலாம். நைல் ஆண்டுதோறும் வண்டலைக் கொட்டி ஆற்றுப்படுகையையும் வயலையும் உயர்த்திக்கொண்டே வந்தது. தூணின் கோடுகளோ இருந்த இடத்திலேயே இருந்தன. மம்லூக்குகளின் காலத்தில் 18, 19, 20 முழ ஏற்றம் வழக்கமாகிவிட்டது. ஆயினும் விழா நாளைக் குறிக்கும் எண் பதினாறாகவே நின்றது. வரி நாளைக் குறிக்கும் எண்ணை எந்த அரசும் விரைந்து மாற்றுவதில்லை!

பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய கல்கஷந்தி, மம்லூக் அரசின் எழுத்து அலுவலகத்தில் இருந்தவர். அவருடைய ‘ஸுப்ஹுல் அஃஷா’ அந்த ஏற்பாட்டை நுணுக்கமாக விளக்குகிறது. கிப்திய மாதம் பஊனா 26ஆம் நாள் நதியின் அடிமட்டத்தை அளப்பர். மறுநாள் முதல் தெருவில் அறிவிப்புத் தொடங்கும். ஆனால் கூவுவோர் சொல்வது அன்றன்று ஏறிய விரற்கடைகளை மட்டுமே. மொத்தம் எத்தனை முழம் என்பது தெருவில் ஒலிப்பதில்லை. அதே வேளையில் அபுர் ரத்தாதின் வழித்தோன்றல் தினமும் சிறு சீட்டுகள் எழுதி, வாளேந்துவோரும் எழுதுகோல் ஏந்துவோருமாகிய அரசின் முதன்மையானோருக்கு அனுப்புவார். அரபு நாள், அதற்கிணையான கிப்திய நாள், விரற்கடை, முழம், சென்ற ஆண்டு இதே நாளில் இருந்த அளவு, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எல்லாம் அச்சீட்டில் இருக்கும். பாமரர் இதனை அறியலாகாது என்பது விதி. 16 முழம் நிறைந்த பிறகே முழமும் தெருவில் ஒலிக்கும். அன்றுதான் மிக்யாஸின் சாளரத்தில் மஞ்சள் திரையைத் தொங்கவிடுவர். அக்கரையிலிருந்து அதைக் கண்டு மக்கள் நிம்மதி அடைவர்.

இன்று மூன்று விரற்கடை ஏறிற்று என்ற செய்தி, அடிமட்டம் எங்கே இருந்தது என்று அறியாதவனுக்கு எதனைச் சொல்லும்? மகிழவும் சொல்லாது, எச்சரிக்கவும் சொல்லாது. சென்ற ஆண்டோடு ஒப்பிட்டால்தான் அந்த மூன்றுக்குப் பொருள். அந்த ஒப்பீடு அமீர்களுக்கு மட்டும் காலைச் சீட்டில் வந்தது.

அமீர்கள் யார்? மம்லூக் ஆட்சியில் நிலவருவாய் இக்தா முறையில் அமீர்களுக்கும் படையினருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி தானியமாகவே வந்தது. நகரின் பெருங்களஞ்சியங்கள் சுல்தானுக்கும் அமீர்களுக்கும் உரியவை. எந்நாளில் விற்பது, எந்நாளில் கதவை அடைப்பது என்று முடிவெடுக்கும் நிலையில் இருந்தவர்கள் அவர்களே. பதுக்கலைத் தடுக்கவென்று முழம் மறைக்கப்பட்டது. மறைக்கப்பட்ட முழம் நாட்டிலேயே மிகுதியாகத் தானியம் வைத்திருந்தவர்களின் கையில் நாள்தோறும் கொடுக்கப்பட்டது. இரண்டு மூட்டை வாங்கும் தகப்பன் இருட்டில் நின்றான். இரண்டாயிரம் மூட்டை உடையவர் வெளிச்சத்தில் நின்றார். முஇஸின் ஆணை இதினின்றும் வேறானது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே சீட்டு இருவருக்கே சென்றது. அவ்விருவருக்கும் தானியத்தை வெளியே கொணரும் அதிகாரமும் விருப்பமும் இருந்தன. மக்ரீஸி பாராட்டிய கொள்கையும் அவர் காலத்தில் நடைமுறையில் இருந்த வழக்கமும் பெயரளவில் ஒன்று, பயனில் எதிரெதிர்.

மக்ரீஸியே இதற்குச் சாட்சி சொல்கிறார். 1405இல் அவர் எழுதிய ‘இகாஸத்துல் உம்மா’ எகிப்தின் பஞ்சங்களை ஆராயும் சிறுநூல். தம் காலத்துப் பெருந்துயருக்கு நதியை மட்டும் அவர் பழிக்கவில்லை. இலஞ்சம் கொடுத்துப் பதவி பெறுதல், நிலக்குத்தகையின் ஏற்றம், செப்புக்காசின் பெருக்கம் என மூன்று காரணங்களை அடுக்குகிறார். அந்நூலிலேயே ஃபாத்திமிய கலீஃபா ஹாகிம் (ஆட்சி 996–1021) பற்றி ஒரு நிகழ்ச்சி வருகிறது. விலையேற்றத்தால் மக்கள் திரண்டு முறையிட்டனர். தாம் ராஷிதா பள்ளிவாசலுக்குச் சென்று திரும்புவதாகவும், திரும்பும் வழியில் தம் கழுதை கால்வைக்கும் ஓரிடமேனும் தானியமின்றி வெறுமையாக இருந்தால், தானியம் வைத்திருப்பதாகச் சொல்லப்படும் ஒவ்வொருவரின் தலையையும் கொய்வதாகவும் ஹாகிம் ஆணையிட்டார். அவர் திரும்பியபோது தெருக்கள் தானியக் குவியல்களால் நிறைந்திருந்தன. ஹாகிமின் முறையை யாரும் பரிந்துரைக்க மாட்டார்கள். ஆனால் காலையில் இல்லாத தானியம் மாலைக்குள் எங்கிருந்து வந்தது? நதி அன்று ஒரு விரற்கடையும் ஏறவில்லை.

முழம் கிடைக்காத மக்கள் வாளாவிருக்கவில்லை. தங்களுக்கென்று சில அளவுகளை உண்டாக்கிக்கொண்டனர். பஊனா 12, தூதர் மிகாயீலின் திருநாள். அதன் முந்தைய இரவில் நைல் பாயும் நிலத்தின் உலர்ந்த மண்ணை 16 திர்ஹம் எடை நிறுத்து மூடிவைப்பர். விடிந்ததும் மீண்டும் நிறுப்பர். கூடியிருக்கும் ஒவ்வொரு கர்ரூப் வித்து எடைக்கும் ஒரு முழம் என்று கணக்கு. கிப்தியர் தொடங்கிய இவ்வழக்கத்தை முஸ்லிம் நூலாசிரியர்கள் ஏளனமின்றிப் பதிவு செய்திருக்கின்றனர். இதில் அறிவியல் எவ்வளவு என்பது வேறு வினா. அதிகாரியைக் கேளாமல், வரிக்கணக்கில் சேராமல், ஓர் எளிய குடும்பம் தன் தராசிலேயே பெற்ற எண் அது.

உண்மையான காப்பு வேறிடத்தில் இருந்தது. நாஸிர் குஸ்ரு கிராமப்புறத்தைப் பற்றி எழுதும் சில வரிகள் நகர விழாக்களின் நீண்ட வருணனையைவிட நமக்கு மேலாகத் தோன்றுகின்றன. ஊர்களெல்லாம் மேடுகளிலும் குன்றங்களிலும் கட்டப்பட்டிருந்தன. வெள்ளக் காலத்தில் ஊருக்கு ஊர் படகில் சென்றனர். ஆற்றோரமாக நீண்டதொரு மண்கரை இருந்தது; அதைச் செப்பனிட ஆண்டுதோறும் கருவூலத்திலிருந்து 10,000 தீனார் கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு வீட்டாரும் நான்கு மாதத்துக்கு வேண்டிய ரொட்டியைச் சுட்டு, கெடாமல் இருக்க உலர்த்தி வைத்தனர். இந்த ரொட்டியைப் பதுக்கல் என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் ஒரே காலத்தில், அச்சம் பிறப்பதற்கு முன்பே, வழக்கமாகச் செய்ததால் அது சந்தையைக் குலைக்கவும் இல்லை. அறிவிப்பைக் கேட்டு ஓடி வாங்குவதற்கும் அறிவிப்புக்கு முன்பே உலர்த்தி வைப்பதற்கும் உள்ள தூரம் பெரிது.

அந்தக் காப்பும் ஓரளவுக்குத்தான். ஹிஜ்ரி 596இல் (கி.பி. 1200) நைல் 12 முழம் 21 விரற்கடைக்கு மேல் ஏறவில்லை. அப்போது கெய்ரோவில் இருந்த மருத்துவர் அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதி, ஏற்றம் தொடங்குவதற்கு முன்னரே நீர் பசுமை படர்ந்து நாற்றமெடுத்ததைக் கண்டு, கொதிக்கவைத்துச் சோதித்து, அதன் காரணத்தை ஆராய்ந்தார். பழைய பதிவுகளைப் புரட்டி, 356ஆம் ஆண்டின் அளவோடு ஒப்பிட்டார். பதிவேடுகள் திறந்திருந்தால் ஓர் அறிஞன் எவ்வளவு தூரம் முன்னோக்க முடியும் என்பதற்கு இது சான்று. உழவர்கள் எண்ணுக்குக் காத்திருக்கவில்லை. ஊர் ஊராகக் கிளம்பினர். பலர் கெய்ரோவுக்கும், வேறு பலர் ஷாம், மக்ரிப், ஹிஜாஸ், யமன் நாடுகளுக்கும் சென்றனர். அதன்பின் அந்நகரில் நேர்ந்தவற்றை அவர் எழுதியிருப்பதை இங்கே எடுத்துச் சொல்ல மனம் வரவில்லை.

செய்தி சரியாக இருந்தும் சொல்பவரை மக்கள் ஏற்காத ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1798 ஆகஸ்ட் 18 அன்று, எகிப்தைக் கைப்பற்றிய சில வாரங்களில், நெப்போலியன் கலீஜ் அணை வெட்டும் விழாவுக்குத் தலைமை தாங்கினார். பீரங்கி முழங்கிற்று, காசு இறைக்கப்பட்டது. நதி நிறைந்திருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அன்றிரவு படகேறிக் களித்தவர்கள் ஐரோப்பியரும் சிரியக் கிறித்தவரும் கிப்தியரும் வேலையற்ற சிலருமே என்று ஜபர்த்தி குறிக்கிறார். நகர மக்கள் வீட்டுக்குள் இருந்துவிட்டனர்.

பின்னர் முப்பது, நாற்பது ஆண்டுகளில் கெய்ரோவில் வாழ்ந்த ஆங்கிலேயர் எட்வர்ட் லேன், நைல் அறிவிப்போனை நேரில் கண்டு எழுதினார். அவர் நூல் 1836இல் வெளிவந்தது. ஜூலைத் தொடக்கம் முதல் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒருவன், துணைக்கு ஒரு சிறுவன். வீட்டு வாசல்தோறும் நின்று பாடுவான், சிறுவன் எதிர்ப்பாட்டுப் பாடுவான். ஏறிய அளவைச் சொன்னவுடன், நபிகளார் மீது ஸலவாத் சொல்லுங்கள் என்பான். பொல்லாத கண் பட்டு நீர் தடைபடாமல் இருக்க அது காப்பு. மிக்யாஸிலிருந்து அவனுக்குத் தரப்படும் அளவு பெரும்பாலும் தவறானது என்றும், ஆயினும் மக்கள் மிகுதியும் அவனை முழுமையாக நம்பினர் என்றும் லேன் எழுதுகிறார். எட்டு நூற்றாண்டுக்கு முன் முஇஸ் செய்தது மறைப்பு. கல்கஷந்தி காலத்தில் பாதி மறைப்பு. இங்கே பொய்யளவு.

அந்நம்பிக்கையைப் பேதைமை என்று தள்ள நாம் விரும்பவில்லை. அறிவிப்போன் அரசின் ஆள் என்பதைவிடத் தெருவின் ஆள். வீட்டுத் தலைவரின் பெயரைச் சொல்லி வாழ்த்தியே தன் செய்தியைத் தொடங்குவான். அவன் சொன்ன எண்ணைவிட, அவன் இன்றும் வந்தான் என்பதே அந்த வீட்டார்க்கு நதி இன்னும் ஏறுகிறது என்பதன் அடையாளம்.

கலீஜ் கால்வாய் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தூர்க்கப்பட்டு அதன்மேல் டிராம் வண்டி ஓடிற்று. 1970இல் அஸ்வான் உயர் அணை நிறைவுற்றபின் கெய்ரோ நகருக்குள் ஆண்டு வெள்ளமே இல்லை. இப்னு தக்ரீபிர்தி போன்றோர் ஆண்டு வரலாற்றின் ஒவ்வோர் அதிகாரத்தின் முடிவிலும் குறித்துவைத்த தாழ்மட்டமும் உச்சமட்டமும் மட்டும் எஞ்சின. அவற்றை இளவரசர் உமர் தூஸூன் 1925இல் தொகுத்தார். நீரியல் அறிஞர் ஹர்ஸ்ட், அணையில் எவ்வளவு நீரைச் சேமித்தால் வறட்சி ஆண்டுகளைக் கடக்கலாம் என்ற தம் 1951ஆம் ஆண்டு ஆய்வுக்கு மிக்யாஸின் நெடிய வரிசையைப் பயன்படுத்தினார்.

பருவம் முடியும் செப்டம்பரில் லேனின் அறிவிப்போன் கடைசியாக ஒருமுறை வீடுகளுக்கு வருவான். அன்று எண் எதுவும் இராது. சில எலுமிச்சம்பழங்களும், நைலின் உலர்ந்த வண்டலில் சிறு கட்டிகளும் கொண்டுவருவான். பல வீடுகளில் பெண்கள் அம்மண்ணை உண்பர் என்று லேன் எழுதியிருக்கிறார்.